அமாவாசைக்கு மட்டும் வரும் பேய்

பேய் நாடகம் போடுகிறவனுக்கு ஊரில் எதைப் பார்த்தாலும் பயம் வரும், பேயைத் தவிர. நாடகத்துக்குத் திரை இழுத்தவர்கள், மைக் செட்டோடு மல்லுக்கட்டியவர்கள், ஒப்பனைப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் விட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் தொடங்கி ஏழு வருஷம் ஆரணியில் ஒரு சின்ன நாடகக் குழுவில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததுதான் நான் செய்த பாவம். போட்டோ ஸ்டுடியோ கஜேந்திரன் தான் எழுதிய நாடகத்தை நகல் எடுக்க வந்தான். பக்கங்களை அடுக்கும்போது சும்மா இல்லாமல் நான் படித்துவிட்டேன். படித்தவர்தானே, பின்னால் நின்று வசனத்தை எடுத்துக்கொடுங்கள் என்றான். வசனம் கொடுக்கப் போனவன் கையில் மறுவாரம் திரைக் கயிறும் வந்து சேர்ந்தது.

நாடகத்தின் பெயர் 'மூணாவது ஜன்னல்'. பூட்டிக்கிடந்த வீட்டுக்கு ஒருவன் குடிவருகிறான். அங்கே செத்துப்போன பெண் மூன்றாவது ஜன்னல் வழியாக வந்து அவனை மிரட்டுகிறாள். குடிவருகிறவன் கஜேந்திரன். புகை போடுகிறவன் சாயப்பட்டறை உமாபதி. பேய், சேவூர் ஏழுமலை. பட்டு நெசவாளி, நாற்பத்தைந்து வயது, கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது தூணா ஆளா என்று தெரியாது. ஆனால் அவர் குரலை ஏற்றிக் கூவினால் எனக்கே கை சில்லிட்டுப்போகும். வேறு யாருக்கும் ஏன் அப்படி ஆகவில்லை என்பதுதான் இந்த ஏழு வருஷக் கதை.

லீவு நாள்

தறிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அமாவாசைதான் லீவு. அன்றைக்குத்தான் தறிச் சத்தம் ஓய்ந்து ஊர் கொஞ்சம் தூங்கும். எங்கள் பேயும் தறிக்காரர், பார்க்க வருகிறவர்களும் தறிக்காரர்கள். ஆகவே நாடகம் அமாவாசையில்தான். ஆனால் அமாவாசையில் விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளைகளையும் குழந்தைகளையும் எந்த வீட்டிலும் வெளியே விடமாட்டார்கள். அதனால் மத்தியானம் மூன்று மணிக்கே திரையைத் தூக்கிவிட வேண்டும். சேவூரில் பழைய நூல் கிடங்கு ஒன்றுதான் எங்கள் அரங்கம். அதன் ஜன்னல்களுக்கெல்லாம் ஜமக்காளம் கட்டி மூடுவோம். ஓட்டை வழியாக வெயில் வந்து பேயின் முகத்தில் வட்ட வட்டமாக விழும்.

ஏழுமலையின் மனைவி சரோஜா முதல் நாளே ஒத்திகைக்கு வந்து நின்றார். சண்டை போடவில்லை. மகள் கலைவாணிக்கு இன்னும் இரண்டொரு வருஷத்தில் வரன் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நோட்டீஸில் ஏழுமலை பெயர் வராது, மேடையில் சொல்லமாட்டோம், சேவூருக்கு வெளியே மூச்சு விடமாட்டோம் என்று மூன்று பேரும் சத்தியம் செய்தோம். நோட்டீஸில் 'பேயாக: ஒருவர்' என்று அச்சடித்தேன். அப்படியும் அந்தம்மா முகம் தெளியவில்லை. போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "அமாவாசையும் அதுவுமா அப்பன் பேயா நிக்கிறான்னு தெரிஞ்சா, எம்பொண்ண எவன்ங்க கேட்டுகினு வருவான்?"

புடவை

பேய் என்றால் வெள்ளைப் புடவை. இது கஜேந்திரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சரோஜாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவர் விடவில்லை. கட்டின பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது புருஷன் வெள்ளைப் புடவை சுற்றிக்கொண்டு நிற்பதாவது என்றார். பத்து நாள் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் ஏழுமலையே ஒரு வழி சொன்னார். அவர் நெய்து, உடல் பகுதியில் நெசவுப் பழுது விழுந்ததால் கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிய பட்டுப்புடவை ஒன்று வீட்டில் இருந்தது. சந்தன வெள்ளை உடல், அரக்குச் சிவப்பு பார்டர், முந்தானை நிறைய ஜரிகை. வெள்ளைக்கு வெள்ளை, மங்கலத்துக்குச் சிவப்பு. எல்லோருக்கும் சம்மதம்.

கண்ணாடியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, ஜன்னலிலிருந்து கட்டில்வரை ஒன்பது அடியென்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஏழுமலை மேடைக்கு வந்தார். கூவினார். முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். பயந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்போது ஒரு அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம், எனக்கும் பேய்க்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "அது கெடக்குது வுடு. அந்த முந்தானைய ஒருவாட்டி இப்படித் திருப்பிக் காட்டச் சொல்லு."

புகை

பேய் வருமுன் புகை வரவேண்டும் என்பது கஜேந்திரனின் கட்டளை. உமாபதி என்னென்னவோ செய்து பார்த்தான். ஈர வைக்கோல் எரித்ததில் கஜேந்திரன் வசனத்தை விட்டுவிட்டு இருமினான். பிறகு ஒரு மண்சட்டியில் கரி போட்டு, சாம்பிராணியைக் கை நிறைய அள்ளித் தூவினான். புகை அழகாகத்தான் வந்தது. வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு, மூன்றாவது ஜன்னலை மறைத்து, மேடையிலிருந்து இறங்கிச் சபைக்குள்ளும் போனது.

போனதும் முன்வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டார். காலையில் படையல் போட்டுச் சாப்பிட்டு வந்தவர்கள், பாவம், அவர்களைச் சொல்லி என்ன பயன்? அந்த பக்திக்கு நடுவில் ஏழுமலை கூவிக்கொண்டு வந்து நின்றார். ஒருவரும் அசையவில்லை. நாடகம் முடிந்ததும் செருப்பைக் கழற்றிய அந்தப் பெரியவர் என்னைத் தேடிவந்தார். ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "சாம்பிராணி போட்டா பேய் ஓடிடும்பா. உங்க பேயி போட்டதும் வருதே, அது எந்த ஊரு?"

ஒரு மணி பஸ்

பெரணமல்லூரில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் போடக் கூப்பிட்டார்கள். அங்கே வேஷம் கட்ட இடமில்லை. ஸ்டுடியோவிலேயே ஏழுமலைக்கு மாவு பூசி, முடி வைத்து, புடவை சுற்றி, தலைமேல் துண்டைப் போட்டு மூடி ஒரு மணி பஸ்ஸில் ஏற்றினோம். கலைவாணிக்கு அப்போது ஜாதகம் வெளியே போயிருந்தது. தெரிந்த முகம் யாராவது ஏறிவிடப் போகிறதே என்று நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன்.

கூட்டத்தில் ஏழுமலை பெண்கள் பக்கம் தள்ளப்பட்டார். கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா துண்டுக்குள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அந்த அம்மா கூடையைக் காலுக்கடியில் தள்ளி, நகர்ந்து இடம் கொடுத்து, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்தார். முகமெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கிறதே, புள்ளத்தாச்சியா, வைத்தியம் பார்த்தாயா என்று வழியெல்லாம் விசாரித்தார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஏழுமலை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சொன்னார்: "இருவத்தஞ்சு வருஷமா தறியில ஒக்காந்துகினு கீறேன்ணா. ஒடம்பு எப்படி கீதுன்னு ஒருத்தர் கேட்டதில்ல."

களம்பூர்க்காரர்

இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் சொன்னேன்.

நிறைந்த அமாவாசை நல்ல நாளென்று களம்பூரிலிருந்து கலைவாணியைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மாணிக்கம், வாலிபத்தில் பட்டுத்தறி ஓட்டியவர். இப்போது ரைஸ் மில்லில் மேஸ்திரி. அதிகம் பேசாத ஆள். பெண்ணைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், பிடித்தது பிடிக்கவில்லை என்று வாயைத் திறக்கவில்லை. ஏழுமலை, சாயத்துக்குப் போட்ட நூலைப் பார்த்துவிட்டு வருகிறேனென்று பொய் சொல்லிவிட்டு எங்களிடம் ஓடிவந்துவிட்டார். அவர்களுக்கு பஸ் ஐந்தரைக்கு. அதுவரை என்ன செய்வது? சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸ் மாணிக்கத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

அவர்கள் நாடகம் பார்க்க வந்துவிட்டதைச் சரோஜா பக்கத்துக் கதவு வழியாக வந்து சொன்னபோது ஏழுமலைக்கு அரை முகம் மாவு பூசியாகிவிட்டது. சபை நிறைந்துவிட்டது. நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றான் கஜேந்திரன். நிறுத்தினால் ஏனென்று கேட்பார்கள், கேட்டால் சேவூர்க்காரன் எவனாவது உளறிவிடுவான். மாவைக் கனமாகப் பூசி, முடியை முன்னால் இழுத்துவிட்டு, கூவுவதைக் கூவிவிட்டு உள்ளே வந்துவிடுவது என்று முடிவு செய்தோம். சரோஜா போய் இரண்டாவது வரிசையில் மாணிக்கத்தின் குடும்பத்தோடு உட்கார்ந்தார். திரை ஓரத்திலிருந்து நான் பார்த்தேன். மாவு பூசாமலே அந்தம்மா முகம் ஏழுமலை முகத்தைவிட வெளுத்திருந்தது.

புகை வந்தது. மூன்றாவது ஜன்னல் திறந்தது. ஏழுமலை கால் எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் நின்றுவிட்டார். புடவை ஜன்னல் சட்டத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டு வந்திருந்தால் கிழிந்திருக்கும், அவ்வளவுதான். ஓசிப் புடவை, பழுதான புடவை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்யா, கூவுய்யா என்கிறேன். அவர் காதில் ஏறவில்லை. திரும்பினார். முன்னால் தொங்கிய முடியை ஒரு கையால் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜன்னலடியில் குந்தினார்.

ஆணியிலிருந்து புடவையை நோகாமல் விடுவித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இழை அறுந்திருந்தது. இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, நாக்கில் விரலைத் தொட்டு, முறுக்கி, முடிச்சுப் போட்டு, நகத்தால் நீவிவிட்டார். கஜேந்திரன் கட்டிலில் நடுங்கிக்கொண்டே காத்திருந்தான். நடுங்கி நடுங்கி அவனுக்கும் அலுத்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இதில் அதிசயம் என்னவென்றால், சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நெய்கிறவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், பார்த்துப் பார்த்து, இழை ஓடிவிடப் போகிறது என்றார். ஏழு வருஷத்தில் எங்கள் நாடகத்துக்கு அப்படி ஒரு அமைதி அன்றைக்குத்தான் கிடைத்தது.

வேலை முடிந்ததும் ஏழுமலை கண்ணாடியோடு நிமிர்ந்து சபையைப் பார்த்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. இரண்டாவது வரிசையும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமலே கூவினார். அது பேய் கூவின மாதிரி இல்லை, பெண்ணைப் பெற்றவன் கூவின மாதிரி இருந்தது. நான் திரையை இறக்கிவிட்டேன்.

உள்ளே ஏழுமலை மண்சட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்னால் எம்பொண்ணு வாழ்க்கை போச்சு என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த ஆணியைப் பிடுங்காமல் விட்டவன் நான்தான். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. மாணிக்கம் வந்தார். பின்னால் சரோஜா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஏழுமலை எழுந்து நின்று கும்பிட்டார். மாணிக்கம் குனிந்து, ஏழுமலை கட்டியிருந்த புடவையின் ஓரத்தைக் கையில் எடுத்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். திரும்பவும் தடவினார். முடிச்சு எங்கே என்று தெரியவில்லை. ஏழுமலைதான் அந்த இடத்தைக் காட்டினார். மாணிக்கம் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புடவையை விட்டார்.

"முடிச்சுல ஒரு குத்தம் சொல்ல முடியாது," என்றார். "பேயிதான் சுமாரு, சம்பந்தி."

ஆக, ஏழு வருஷம் ஒரு பேயை வைத்துக்கொண்டு மாரடித்ததில் நாங்கள் ஒரு கல்யாணத்தை முடித்துவைத்தோமே தவிர, எங்களைத் தவிர வேறு ஒருவரையும் பயமுறுத்தியதாக நினைவில்லை.