மேல்பாதி வெட்டிய சீட்டும் ஒரு கால்சியம் மாத்திரையும்

மெடிக்கல் கடைக்கு வருகிறவர்கள் நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்மிடம் சொல்வார்கள். உளுந்து காய்ந்ததும் தெரியும், மாமியார் பேசியதும் தெரியும். மாத்திரை எதற்கென்பது மட்டும் தெரியாது. கோவில்பட்டியில் பதினாறு வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். என்னைப் போல நிற்கிற பாவப்பட்ட பிறவிகளே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

கம்பெனிதான் வேற

எப்போதும்வென்றான் ஊரில் லோடு ஆட்டோ ஓட்டும் சேவியர் அண்ணாச்சி ஒரு டாக்டர் சீட்டை நீட்டினார். மனைவி ஜெயராணிக்கு மதுரையில் பித்தப்பைக் கல் ஆபரேசனாம். சீட்டின் மேல்பாதியைக் காணோம். கத்தரியால் வெட்டியது மாதிரி நேராக இருந்தது. கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தி அப்படி.

இரும்புச்சத்து, அசிடிட்டி மாத்திரைகளோடு எழுதியிருந்தது கால்சியம் சிட்ரேட். ஸ்டாக் இல்லை. 'இல்லை' என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்று, எல்லாரும் வாங்குகிற கால்சியம் கார்பனேட் அட்டையை எடுத்து வைத்தேன். "கால்சியம் கால்சியம்தான் அண்ணாச்சி, கம்பெனிதான் வேற" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் தலையாட்டினார். "அப்ப மாசாமாசம் இதையே தாங்க தங்கச்சி."

எல்லாம் ஒரே வாயில

ஏழெட்டு மாதம் கழித்து ஜெயராணியே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். விரலெல்லாம் குறுகுறுக்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றாள். கல் எடுத்தால் இப்படியா இளைப்பார்கள் என்று மனதுக்குள் கேட்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காதே, நடுவில் ரெண்டு மணி நேரம் விடு, நாளைக்கே டாக்டரைப் பார் என்றேன். அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. "வேன் ஏழு மணிக்கு வந்திருதுக்கா, எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுட்டு ஓடுதேன்."

ஆட்டோவில் வந்த மூவர்

மறுநாள் காலையிலேயே லோடு ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. சேவியரின் அம்மா மடியில் ஜெயராணி கிடந்தாள். ரெண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாத்திரையில் ஏதும் கோளாறா என்று கேட்க அண்ணாச்சி நிறுத்தியிருக்கிறார்.

"என்ன ஆபரேசன் அண்ணாச்சி? உண்மையைச் சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். "கல்லுதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் ஜெயராணியிடம் குனிந்தேன். அவளுக்கு உதடு சரியாக அசையவில்லை, என் காதோடு முனகினாள். "கல்லு இல்லக்கா, உடம்பு குறைய வயித்த வெட்டிச் சின்னதாக்கியிருக்கு. அத்தைக்குத் தெரியாது."

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். வெட்டிச் சுருக்கிய வயிற்றில் அது குறைவு. போதாததற்கு அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறாள். சிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் டாக்டர் அதை எழுதினார். நான் கொடுத்ததை ஒரு தாளில் எழுதி அண்ணாச்சி கையில் திணித்தேன். பொழுதுசாயும்வரை எந்த அட்டையை எடுத்தாலும் சீட்டோடு ரெண்டு தடவை ஒத்துப்பார்த்தேன். சாயங்காலம் அவர் போன் செய்தார். "கால்சியம் ஊசி போட்டாவ. விரல் நிமிந்திருச்சு தங்கச்சி."

முழுச் சீட்டு

ரெண்டு வாரம் கழித்து மாமியாரோடு வந்தாள், ஆபரேசன் பெயர் இருந்த மேல்பாதியும் சேர்ந்த முழுச் சீட்டோடு. கடையில் நல்ல கூட்டம். தப்பு என்மேலும் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரிந்துகொண்ட மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெயராணி எல்லார் காதிலும் விழ நிதானமாகச் சொன்னாள்: "எனக்கு வயித்தச் சுருக்குன ஆபரேசன்க்கா. சீட்டுல உள்ளதையே தாங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் அடுத்த கடையில கேட்டுக்கிடுதேன்."

நோயைச் சொல்ல வெட்கப்பட்டவள் தேறிவிட்டாள். ஸ்டாக் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்ட நான்தான் இன்னும் பத்தியத்தில் இருக்கிறேன்.