வாயுள்ள சுவர்

கல்லூரியில் அவளுக்குச் சுவர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பெண்கள் ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். மூன்று அண்ணன்களுக்குப் பின் பிறந்தவள். சந்தில் அவர்கள் பந்தாடும்போது, ஓடத் தெரியாத வாண்டு என்று இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்திவைத்தார்கள். அப்போது பழகிய நிற்பு. பந்து முகத்துக்கு வந்தால் மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள். இவள் வாயை மட்டும் மூடிக்கொள்வாள். பல் போகக் கூடாதே.

அப்படிப்பட்டவளின் வலது கையில் இப்போது மாவுக்கட்டு. மோதிர விரலும் சுண்டுவிரலும் முறிந்திருந்தன. பந்தை எறிந்தவள் அதே அணியின் நெட்டச்சி.

நெட்டச்சி திருநங்கை. சிகிச்சை, பரிசோதனை, அனுமதி என்று எல்லாப் படியும் ஏறி, போன வருடம்தான் பெண்கள் அணிக்கு வந்தாள். அன்றிலிருந்தே எதிரணிகள் முணுமுணுத்தன. விரல் முறிந்ததும் முணுமுணுப்புக்குக் கை கால் முளைத்துவிட்டது. அவள் ஆடலாமா கூடாதா என்று விசாரிக்கக் கல்லூரி ஒரு குழுவைக் கூட்டியது. அடிபட்டவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நெட்டச்சியின் ஆட்டம் அதோடு சரி.

"உள்ளதைத்தானே சொல்லச் சொல்றேன்," என்றாள் அம்மா, மகளுக்குத் தலை வாரியபடி. ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைப்பவள். பின்னலையும் காலர் மாதிரியே விறைப்பாகப் போட்டாள். "அவ எறிஞ்சா, உன் விரல் போச்சு. இதுல பொய் எங்கடி இருக்கு?"

"இழுக்காதம்மா. நான் கம்பத்தைத் தட்டிட்டேன்."

"தட்டினா என்னவாம்?"

அணியில் ஒரு வழக்கம் இருந்தது. பெனால்டி பயிற்சிக்கு விசில் கிடையாது. கோல்கீப்பர் மேல்கம்பத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். 'டங்' என்றால், நான் தயார், எறி என்று பொருள். அன்று விரல்களில் சுற்றிய டேப் கழன்று தொங்கியது. அதை அழுத்தி ஒட்டவைக்கக் கம்பத்தில் கையை அறைந்தாள். டங். நிமிர்வதற்குள் பந்து வந்துவிட்டது.

"அதைப் போய் அங்க சொல்லப்போறியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எல்லார் பல்லும் கொஞ்சம் காத்தாடும்."

சீப்பு பாதியில் நின்றது. "எனக்குப் பயமா இருக்குடி. நாளைக்கு அவ பந்து உன் கண்ணுல பட்டா?"

"எனக்கும்தாம்மா பயம். அதையும் சொல்வேன்."

குழு கூடிய அறைக்கு வெளியே பி.டி. மேடம் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "எறி வேகமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு கண்ணு. மத்ததை நாங்க பாத்துக்கறோம். எனக்கு மத்தப் பிள்ளைங்களையும் காப்பாத்தணும் இல்ல?" நடிப்பில்லை, மேடத்தின் கண் கலங்கியிருந்தது.

உள்ளே ஏசியிலிருந்து சொட்டிய நீரை ஒரு வாளி வாங்கிக்கொண்டிருந்தது. முதல்வர் கேட்டார்: "அந்தப் பொண்ணு எறியறது மத்தவங்களைவிட வேகமா?"

"ஆமா சார். எங்க டீம்லயே அவ பந்துதான் வேகம். நெஞ்சுல பட்டா மூச்சு நின்னு வரும். சில நாள் பயமாவும் இருக்கும்."

பி.டி. மேடம் மெல்லத் தலையசைத்தார்.

"ஆனா இந்த விரல் அதனால போகல. நான் தயாராகாமலே கம்பத்தைத் தட்டினேன். அவ எறிஞ்சா. விசில் வைங்கன்னு நாங்க கேக்காத நாளில்ல. டேப் கேட்டா பழைய ரோலைச் சுரண்டித் தர்றீங்க. ஐஸுக்கு கேன்டீன் வரைக்கும் ஓடணும்."

"உன்னைக் கேட்டது அது இல்லம்மா."

"அதைத்தான் சார் யாருமே கேக்கல."

முதல்வர் பேனாவை மூடினார். "அப்ப அவ ஆடலாங்கறியா?"

"தெரிஞ்சவங்களை வெச்சு வேகத்தைப் பாருங்க, எலும்பைப் பாருங்க, எங்க பயத்தையும் கேளுங்க. அவளையும் உக்காரவெச்சுக் கேளுங்க. அப்புறம் விதி போடுங்க. என் விரலைச் சாக்கா வெச்சு மட்டும் அவளை வெளியே தள்ளாதீங்க. இது என் விரல் சார்."

விபத்து என்றே முடிவானது. போட்டியில் ஆடலாமா என்பதை விளையாட்டுச் சங்கம் சொல்லும், அதுவரை நெட்டச்சி பயிற்சிக்கு மட்டும் வரலாம் என்றார் முதல்வர். முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

நெட்டச்சி அறைக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "பயம்னு சொன்னே இல்ல? கதவைச் சாத்தினாலும் உன் தொண்டை சாத்தாதுடி."

"இருக்கு, சொன்னேன். கோவமா?"

"கோவம்தான். எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னியா?"

"சொன்னா மெதுவா எறிவே. அதுக்கு நான் வீட்லயே உக்காந்திருக்கலாம்."

நெட்டச்சி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடையவையோ போல.

"எந்திரி," என்றாள் சுவர். "பயிற்சிக்கு வரலாம்னுதானே சொன்னாங்க? இன்னைக்கு நீ கோல்ல நில்லு. நான் எறியறேன்."

"நானா? எனக்கு நிக்கத் தெரியாதே."

"பயமா?"

"கொஞ்சம்."

"அப்ப வா."

"ஏய், கட்டோடயா?" பின்னாலிருந்து பி.டி. மேடம் கத்தினார். "கையை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

சுவர் திரும்பாமலே படியிறங்கினாள். "அவர் வலது கையைத்தான் மேடம் சொன்னாரு!"