தட்டு மரத்துக்கு எண்ணெய்க் குளியல்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். தாவரவியலில் பட்டம் பெற்றவன் என்பது தெருவுக்கே தெரியும். தெரியும்படி நான் நடந்துகொண்டேன். அடுத்த வீட்டு ராவுத்தர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது தன் மரத்தை என் பொறுப்பில் விட்டுப் போனதற்கு அந்தப் பட்டம்தான் காரணம்.

மரம் என்றால் ஒரு முழ உயரம். பினாங்கிலிருந்து வந்த, ஆலமர இனத்து இச்சி. மூன்று விரல் ஆழமுள்ள நீலப் பீங்கான் தட்டில், திரண்ட அடியும் விழுதும் கிளைகளுமாக, கிழட்டு மரம் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் நிற்கும். போன்சாய் என்ற சொல் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தெருவில் அதற்குத் தட்டு மரம் என்று பெயர். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்திருந்த காலத்தில் அங்கிருந்த ராவுத்தரைத் தன் சரக்குக் கிட்டங்கியில் மாதக்கணக்கில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய ஒரு சீனர், இவர் ஊருக்குக் கப்பலேறிய அன்று கையில் கொடுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை மரத்தைப் புகைப்படம் எடுத்துப் பினாங்குக்கு அனுப்புவார். கூடப் போகும் ஆங்கிலக் கடிதத்தை நான் எழுதிக் கொடுப்பேன்.

"வந்ததும் போட்டோ எடுக்கணும் சார்வாள். நீங்க செடியப் பத்திப் படிச்சவுஹ. ஒங்கள நம்பித்தான் போறேன்" என்றார்.

தண்ணீர் ஊற்றுவது அவர் வீட்டில் வேலை பார்த்த அம்மா. இலத்தூர்க்காரர், கணவர் இல்லாதவர், நாற்பது வயதிருக்கும். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் செம்பைச் சாய்ப்பார்.

ஆனி பிறந்தபோது கிளைகளின் அடியில் பழுப்பாகச் செதில் செதிலாகப் பூச்சி ஒட்டியிருந்தது. எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கின. இரண்டு நாள் புகையிலைத் தண்ணீர் தெளித்தேன். பூச்சி அசையவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன நோவு வந்தாலும் எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். அருவித் தண்ணீரில் எல்லா நோயும் போய்விடும் என்பது நாங்கள் தாய்ப்பாலோடு குடித்த நம்பிக்கை. பட்டம் வாங்கிய பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. மரம் முழுவதும் வேப்பெண்ணெயைப் பூசினேன். தட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டினேன்.

அந்த அம்மா ஓடி வந்தார்.

"அதுக்கு ஈரம் ஆகாது சார்வாள்! மழ வந்தா மொதலாளி உள்ள தூக்கி வச்சிருவாஹ."

"நீ படிச்சியா, நான் படிச்சனா?"

"சரிதான். அப்பம் சீயக்காயும் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குற்றாலத்தில் என் சித்தப்பா வீட்டுப் பின்சுவரில் சாரல் ஓயாமல் விழும். அங்கே பத்து நாள் வைத்தேன். எட்டாம் நாளே இலைகள் மஞ்சளாகிவிட்டன. மருந்து வேலை செய்கிறது, பழைய இலைதானே உதிர்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் மரத்தில் ஓர் இலை இல்லை. தட்டிலிருந்து அழுகிய வெங்காய வாடை அடித்தது. பூச்சி மட்டும் அப்படியே இருந்தது.

இருட்டுவதற்குள் தென்காசிக்குக் கொண்டுவந்தேன். அந்த அம்மா மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தல தொவட்டி விட்டியளா?" என்றார். நான் தட்டை இறக்கி வைத்து, மேல்துண்டால் மரத்தைத் துடைக்கப் போனேன். அதைக் கண்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "கைய விட்டுப் போயிறல. தூக்குங்க, தட்ட விட்டு எடுப்போம்."

மண்ணை உதறினோம். வேர்களில் பாதி கறுத்து, தொட்டால் தோல் கழன்றது. வெட்ட எனக்குக் கை வரவில்லை, அவர்தான் வெட்டினார். தட்டின் துவாரம் எண்ணெய்ப் பிசுக்கிலும் சேற்றிலும் அடைபட்டிருந்தது. அதைக் குத்தித் திறந்து, சிற்றாற்றுப் பருமணலும் செங்கல் பொடியும் கலந்து மரத்தை நட்டோம். நுரை வரும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து எண்ணெயைத் துடைத்தோம். ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி ஒவ்வொரு பூச்சியாக அவர் சுரண்டி எடுத்தார். எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தின் நடுவில் கல் வைத்து அதன்மேல் தட்டை வைத்தார். சாரல் படாத, வெளிச்சம் மட்டும் விழும் ஜன்னலோரம். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

இச்சிக்கு உயிர் இருந்தால் கீறிய இடத்தில் பால் வரும். தினமும் காலையில் நகத்தால் கீறிப் பார்த்தேன். பெரிய இடக்கிளையில் வரவில்லை. மறுநாள் அதற்கடுத்த கிளையிலும் வரவில்லை. அடிமரத்தில் மட்டும் தண்ணீர் கலந்ததுபோல் ஒரு சொட்டு.

"தெனமும் கீறுனா அதுக்குத் தோலு எங்கன இருக்கும்? பேசாம பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

ஆடி முழுவதும் மொட்டைக் குச்சியாகவே நின்றது. பம்பாய்க்குக் கப்பல் வந்துவிட்டதென்றும், வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்வதாகவும் ராவுத்தரின் கார்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அந்த அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். வலக்கிளையின் கணுவில் அரிசி முனை அளவுக்குப் பச்சை. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தளிர்கள் விரிந்தன. இடக்கிளைகள் இரண்டையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கழுத்தில் மாலையும் பின்னால் கூட்டமுமாக வந்த ராவுத்தர், உட்காருவதற்கு முன் ஜன்னலுக்குப் போனார். இடப்பக்கத்து வெட்டுக்காயை விரலால் தடவினார்.

"என்ன சார்வாள் இது?"

"தண்ணி கூடிப்போச்சு பாய்" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ராவுத்தர் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கையில், வந்தவர்களுக்குக் கொடுக்கும் பேரீச்சம்பழத் தட்டு இருந்தது.

"சார்வாள்ட்ட கேளுங்க மொதலாளி" என்றார் அவர். குற்றத்தை நானே சொல்ல எனக்கு வழிவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "பாவம், அவ வேணும்னேவா செஞ்சா? விடுங்க பாய்."

நான் செய்த தவறுக்கு அவரை மன்னித்தேன். கூட்டத்தில் ஒருவர் என் பெருந்தன்மையைப் புகழக்கூடச் செய்தார். அந்த அம்மா பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. ராவுத்தர் போகச் சொல்லவில்லை. ஆளனுப்பிக் கூப்பிடவும் இல்லை.

அடுத்த வாரம் புகைப்படம் எடுத்தார்கள். ராவுத்தர் சொல்லச் சொல்ல நான் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். வேலைக்காரியின் கவனக்குறைவால் மரம் சாகக் கிடந்தது, படித்த ஆசிரியர் ஒருவர் காப்பாற்றினார் என்று என் கையாலேயே எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாத நல்ல கடிதம். சில மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து எனக்கென்று ஒரு சிறு கத்தரிக்கோல் வந்தது, வேர் வெட்டுவதற்கு. இன்னும் என் மேசையில் இருக்கிறது.

ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு பாவூர்சத்திரம் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வெங்காயக் குவியலின் முன் உட்கார்ந்து காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார்.

"சார்வாள், மரம் கெடக்கா?"

"இருக்கு. நல்லா தழைச்சிருக்கு. எடது பக்கமும் புதுக் கெள வந்துட்டு."

"எண்ணெ கிண்ணெ தேய்க்காதிய" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் எதையும் நான் காணவில்லை. காண விரும்பினேன். சொல்ல வேண்டியது நாக்கில் வந்து நின்றது. அப்போது தென்காசி வழியாகப் போகும் செங்கோட்டை பஸ் வந்தது. அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். நான் ஏறிவிட்டேன்.

ராவுத்தர் அப்போது உயிரோடு இருந்தார். அன்று மாலையே அவரிடம் சொல்லியிருந்தால் ஆளனுப்பி அந்த அம்மாவை அழைத்திருப்பார். வீடு வந்ததும் வழக்கம்போல் ராவுத்தர் வீட்டு ஜன்னலுக்குப் போய் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு வந்தேன்.