அமாவாசைக் கடலை மட்டும் பார்த்தவர்

அன்று காலை எங்கள் தெருவில் தறிச்சத்தம் கேட்கவில்லை. ஆரணியில் நெசவாளிக்கு லீவு என்றால் அது அமாவாசைதான். மற்ற நாட்களில் விடிந்ததும் சத்தம் கிளம்பிவிடும். அமாவாசை போய் ஐந்து நாள்தானே ஆகிறது, இதென்ன கூத்து என்று, வேன் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வெளியே வந்தேன். எதிர்வீட்டு வாசலில் தணிகாசலம் அண்ணன் நின்றிருந்தார்.

"உங்க அண்ணி போய்ட்டா பாஷா" என்றார். "காபி போட்டுக் குடுத்துட்டு உக்காந்தா. அப்டியே சாஞ்சிட்டா. இன்னிக்கு லீவு நாளுகூட இல்ல. அவ மட்டும் லீவு போட்டுகினா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் வருவது அதுதான், ஊருக்கே தெரியும். யார்மீது கோபம் என்று தெரியாமல் கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வேதவல்லி அண்ணியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் பட்டு நெய்வார், அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றித் தருவார். தெருவில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலைதான். ஆனால் மாதத்தில் ஒருநாள், அந்த அமாவாசை லீவில், மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கோயிலுக்குப் போகும்போது, இவர்கள் இருவரும் ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். அலை ஏற!

எழுபதுகளில் நான் வந்தவாசி வழியாகக் கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஆள் உயரப் பலகையோடு அவர்கள் முதல்முறை ஏறியபோது நான் கேட்டது இன்றும் நெஞ்சைக் குத்துகிறது.

"இன்னாம்மா இது, பாடை கட்டவா எடுத்துகினு போறீங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணி கொஞ்சமும் கோபப்படவில்லை. "ஆமாம்பா. எனக்குத்தான். முன்னாடி நீதான் தூக்கணும், சொல்லிட்டேன்" என்றார். பலகையைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் நானே படுக்க வைத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணி.

கல்யாணமான புதிதில், யாரோ சொல்லிக் கடல் பார்க்கக் கடப்பாக்கம் போயிருக்கிறார்கள். அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகைமேல் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வந்துகொண்டிருந்தார்களாம். அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்கு ஒரு தபா குடுங்கடா" என்று இறங்கிவிட்டார். அடுத்த அமாவாசைக்குத் தறியில் உட்காரும் பலகையையே கழற்றிக்கொண்டு போனார்களாம். அது பாதி முழுகிப்போக, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழைய கட்டுமரத்திலிருந்து லேசான பலகை ஒன்றை அறுத்துத் தந்தவர் அங்கிருந்த பெரியவர் ஒருவர். சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம், மரக்காணம் என்று மாற்றி மாற்றி, பதினைந்து வருஷம் அந்தப் பலகை என் பஸ்ஸில் வந்தது. திரும்பும்போது அண்ணியின் தலையெல்லாம் மணல். என் பஸ்ஸெல்லாம் மணல். நான் திட்டிக்கொண்டே பெருக்குவேன்.

தொண்ணூறுகளில் கண்டக்டர் வேலையை விட்டு வேன் வாங்கினேன்; அதற்குள் அவர்கள் தெருவிலேயே எதிர்வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். அண்ணியும் பிள்ளைகள், மருமகள்கள் என்று குடும்பம் பெருகிக் கடலை விட்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். ஆப்பரேஷன் செய்தே ஆகவேண்டும், மாசக்கடைசியில் வந்து படுங்கள் என்று நாளும் குறித்தார்.

"வந்து படுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு அலை ஏறிட்டு வந்துடறேன்" என்றார் அண்ணி.

அண்ணன் உடனே சரி என்றார். தறியை மகனிடம் விட்டார். நான் வேனில் சீட்டுகளைக் கழற்றி நாடாக்கட்டில் ஒன்று போட்டேன். ஸ்டவ், தண்ணீர்க்குடம், அரிசி மூட்டை, மேலே கயிறு கட்டிப் பலகை. "இனிமே அமாவாசைக்குக் காத்துகினு இருக்க வாணாம். எல்லா நாளும் லீவுதான்" என்று அண்ணன் சந்தோஷமாகச் சொன்னார். பௌர்ணமி போய் ஆறாம் நாளோ ஏழாம் நாளோ புறப்பட்டோம். அவசரமே இல்லை. புளிய மரம் கண்டால் நிறுத்து, நுங்கு கண்டால் நிறுத்து! "ஜல்தி போலாங்க அண்ணே" என்று நான் கத்துவதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் கடல் குளம்போலக் கிடந்தது. சரி, நாளை பார்ப்போம் என்றார் அண்ணி. கடப்பாக்கத்திலும் அப்படியே. அலை என்று ஒன்று வந்து, முழங்காலைத் தடவிவிட்டுத் திரும்பிப் போயிற்று. பலகை நகரக்கூட இல்லை. அண்ணி வெகுநேரம் தண்ணீரில் நின்றுவிட்டு வந்து வேன் படியில் உட்கார்ந்தார்.

"கடலுக்கும் வயசாயிடுச்சிங்க. எப்டி துள்ளிகினு இருந்தது! அதுவே அடங்கிப்போச்சி. என்னைப் போயி அறுத்து இன்னா ஆவப்போவுது? ஆப்பரேஷன் வாணாம், வூட்டுக்குப் போலாம்."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. மனைவியைப் பிழைக்க வைக்கக் கூட்டி வந்த கடலே கைவிரித்துவிட்டதே! எனக்குத் தலைக்கேறிவிட்டது. "கடலுக்கு வயசாவுமா அண்ணி? பைத்தியமா நீங்க? இந்த உப்புக்காத்துல என் வண்டி துருப்புடிச்சிகினு இருக்கு, ஆப்பரேஷன் வாணாமாம்!" என்று கத்தினேன்.

பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் கூச்சலைக் கேட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"முன்ன எல்லாம் எப்ப வருவீங்க?" என்று கேட்டார்.

"அமாவாசைக்கு. எங்களுக்கு அன்னிக்குத்தான் லீவு."

"ஒருதபாகூட வேற நாள்ல வந்ததில்லையா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை.

அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "அமாவாசையில கடல் ஏறும். பௌர்ணமிக்கும் அதுக்கும் நடுவுல, இந்த நடு நாள்ல தூங்கும். கடக்கரைக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமே இது! இருந்துட்டுப் போங்க. ஏழு நாள்தான் கீது."

அண்ணியும் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடல் நம்ம மாதிரிதாங்க! மத்த நாளெல்லாம் கம்முனு தறியில உக்காந்துகினு கீது. அமாவாசைக்கு மட்டும் லீவு போட்டுட்டு ஆடுது." பிறகு என்னிடம் திரும்பி, "இருந்துட்டுப் போலாமா பாஷா?" என்றார்.

இருந்தோம். ஏழு நாளும் அதே மணலில். அண்ணன் மீன் குழம்பு கற்றுக்கொண்டார். அண்ணி தூங்கும் கடலைப் பார்த்தபடி, "இதுவும் நல்லாத்தான் கீது, இத்தினி வருசம் பாக்காமப் போய்ட்டமே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் தண்ணீரில் காலை வைக்கவில்லை. எனக்குக் கடல் என்றால் பயம். அதை மறைக்கத்தான் இத்தனை வருஷம் மணலையும் உப்பையும் திட்டினேன். அண்ணிக்கு மட்டும் அது தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

அமாவாசை காலையில் கடல் எழுந்தது. அண்ணன் இடுப்பளவு நீரில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டார். பெரிய அலைகளைப் போகவிட்டு, சின்னதாக ஒன்று வந்தபோது கையை விட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி, நெஞ்சில் கோளாறோடு, நுரைமேல் படுத்தபடி வந்து என் காலடியில் மணலில் மோதி நின்றார். வாயெல்லாம் மண். துப்பிவிட்டுச் சொன்னார்:

"வண்டிய எடு பாஷா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தரம், வேண்டுமென்றே நடு நாளில், தூங்கும் கடலைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்வார். பலகையை எடுக்கவே மாட்டார். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம்.

அன்று பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டு என் வேனருகே வந்து நின்றார். நான் வண்டிக்கதவைத் திறந்துவிட்டேன். இதைக் கடப்பாக்கத்துக் கரையில், வேன் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அண்ணன் பலகைமேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். நேற்று அவர், "இருந்துட்டுப் போலாமா பாஷா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் ஸ்டவ்வை எடுத்து வெளியே வைத்தேன்.

அண்ணி, கடல் இன்னும் தூங்குகிறது. அது எழுந்ததும் உங்கள் பலகையில் அண்ணன் ஒரு அலை ஏறப்போகிறார். அவருக்குப் பின்னால் பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும். இடுப்பளவு தண்ணீராம். நான் இறங்குகிறேன். நீங்கள் நிம்மதியாக லீவில் இருங்கள்.