அப்பா எழவுக்கு வந்தவ

பேய், பில்லி, சூனியம்னு எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல யாராச்சும் பேச ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன். எல்லாம் வேல வெட்டி இல்லாதவங்க கதைன்னு நெனச்சவ நான். நீங்களும் அப்படித்தான் நெனப்பீங்க, நெனச்சுக்கங்க, ஆனா நடந்தது நடந்ததுதான்.

அப்ப நான் குவைத்துல வீட்டு வேலையில இருந்தேன். மக ரஞ்சனிய நாலு வயசுல பொகவந்தலாவையில என் வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டுப் போனவ. அடுத்த வருசம் ஒரு நாள் காலையில தம்பி போன் பண்ணி, "அக்கா, அப்பா போயிட்டாரு"ன்னான். நான் அழுறதுக்குள்ள அவனே கணக்குச் சொல்றான், "போன்ல பாத்துட்டேன், அங்கேருந்து கொழும்பு நாலாயிரம் கிலோமீட்டர், பிளேன்ல அஞ்சு மணி நேரம்தான். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுலேருந்து இங்க வேன்ல அஞ்சாறு மணி நேரம். நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் எடுக்க மாட்டோம், நீ வந்து வாய்க்கரிசி போடணும்."

பாவம், பிளேன் பறக்குற நேரம் அவனுக்குத் தெரிஞ்சுச்சு. என் பாஸ்போர்ட்டு மேடத்தோட அலுமாரியில பூட்டிக் கெடக்குறது அவனுக்கு எங்க தெரியும்? கால்ல விழுந்து கேட்டேன். நோம்பு வருது, வீடு நெறைய ஆளு வரும், முடிஞ்சதும் ஊருக்குப் போன்னு சொல்லிட்டு, நான் அழுதுக்கிட்டே இருக்கேன்னு போனையும் புடுங்கி வச்சுக்கிட்டா. வயிறு எரிஞ்சு சொல்றேன், செத்தது அவ அப்பனா இருந்தா இப்படி விட்டிருப்பாளா?

மறுநாள் ஊர்ல ரெண்டு மணின்னா எனக்கு அங்க பதினொன்னரை. நான் சட்டைய அயன் பண்ணிக்கிட்டு இருந்தேன். மயக்கம் வரல, கனவு வரல, ஒன்னுமே இல்ல. மடிச்சு வச்சேன், அடுத்த சட்டைய எடுத்தேன், அவ்வளவுதான்.

நோம்பு முடிஞ்சுதான் போன் கையில கெடச்சுச்சு. மன்னிப்புக் கேக்கத்தான் தம்பிக்கு எடுத்தேன். அவன் கோவமா, "வந்தவ ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டே"ங்குறான். குத்திக் காட்டுறான்னு நெனச்சேன். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. சரியா ரெண்டு மணிக்கு, கையில பை கூட இல்லாம ரோட்டுலேருந்து ஏறி வந்தேனாம், வாய்க்கரிசி போட்டேனாம், யாரோடயும் பேசாம ரஞ்சனிக்குத் தல சீவி ஜடை பின்னி விட்டேனாம், சாயங்காலம் பாத்தா ஆளக் காணோமாம். லயத்துச் சனம் பூராப் பாத்திருக்கு. வேணும்னா என் பாஸ்போர்ட்டக் காட்டுறேன், போனப்ப குத்துன முத்திரையும் ரெண்டு வருசம் கழிச்சு வந்த முத்திரையும்தான் இருக்கு. நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க.

அதக்கூட விட்டுரலாம். அப்பாவுக்கு வாய்க்கரிசி விழுந்துச்சே, யார் கையால விழுந்தா என்னன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா நான் நெசமாவே வந்து எறங்குன அன்னைக்கு ரஞ்சனி கிட்டயே வரல. சீப்ப எடுத்து வச்சுக்கிட்டுக் கூப்புட்டேன். தலைய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, "நீங்க வாணாம். அன்னைக்கு வந்த அம்மாதான் வேணும்"னா.

இப்ப அவளுக்கு எட்டு வயசு. நான் எங்கயும் போகல, தோட்டத்துலயே கொழுந்து எடுக்குறேன். என் மூஞ்சியோட வந்துட்டுப் போன ஒருத்தி மேல பொறாமப்பட்டுக்கிட்டு இருக்கேன், சிரிக்காதீங்க. போன வாரம் சோறு போட்டுக் குடுத்தப்ப, என் மொகத்தப் பாக்காமலே கேட்டா:

"நீங்க எப்ப திரும்பக் குவைத்துக்குப் போவீங்க? நீங்க இங்கயே இருந்தா அவங்க எப்படி வருவாங்க?"