ஏழுமலை கொடுத்த புள்ளி

காலையில் கம்பெனிப் பேருந்து ஊரப்பாக்கத்தில் நிற்காமல் போனது. ஏன் என்று கேட்டேன். "ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார் ஓட்டுநர். என் பக்கத்து இருக்கை சிங்கப்பெருமாள் கோயில் வரை காலியாகவே வந்தது.

ஸ்டெல்லா செய்யூர்ப் பக்கத்துக்காரர். பெற்றோர் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். மகள் பொறியாளராகி, நம் நாட்டுச் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி இருப்பிடம் காட்டும் கருவியை எங்கள் சிறு நிறுவனத்தில் வடிவமைத்தார். இப்படியொரு அமைப்பு அமெரிக்காவிடமும் சீனாவிடமும் இருக்க நமக்கென்று எதற்குத் தனியாக என்று, சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"சண்டை வந்தா அவங்க சுவிட்சை அணைச்சிடுவாங்கன்னு அரசாங்கம் செஞ்சது. சண்டையை விடுங்க சார். கடல்ல இருக்கறவனுக்குப் புயல் வருதுன்னு இதுலயே செய்தி அனுப்பலாம். எனக்கு அது போதும்" என்றார்.

ஆய்வகச் சோதனையை மட்டும் அவர் நம்பியதில்லை. ஒவ்வொரு புதுக் கருவியையும் மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோய், ஏழுமலை என்ற மீனவரின் ஃபைபர் படகில் ஏறுவார். கூடப் போன நான் வாந்தி எடுத்தே களைத்தேன். ஏழுமலையின் தம்பி புயலில் போனவர். கரையில் எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை, செல்போன் எட்டாத தூரத்தில் இருந்த அவருக்குப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் ஏழுமலை, மீனவர்கள் சொந்த மச்சானிடம்கூடச் சொல்லாத ஒன்றை ஸ்டெல்லாவுக்குக் காட்டினார். அது மீன் கூடும் கடலடிப் பாறை. அவர்கள் அதைப் பார் என்பார்கள்.

"இத்த வெச்சு டெஸ்ட் பண்ணிக்கமா. ஆனா யாராண்டயும் குடுக்காத."

அந்த இடமே எங்கள் கருவிகள் எல்லாவற்றுக்கும் சோதனைப் புள்ளியானது.

பிறகு ஓர் ஆயுத ஆர்டருக்கு வாய்ப்பு வந்தது. ஆசியாவில் இரண்டு அண்டை நாடுகள். ஒன்று சீனச் செயற்கைக்கோளை நம்பும் ஏவுகணைகளை வாங்கியதும், மற்றது நம் நாட்டு ஏவுகணைகளைத் தேடி வந்தது. எங்கள் கருவி அதில் பொருந்தும் என்று காட்ட விற்பனைக் குழு ஒரு படம் தயாரித்தது. திரையில் ஏவுகணை இறங்கிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்ததும் ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டார். கருவியில் இருந்த சோதனைப் புள்ளியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"அது ஏழுமலை வலை போடற இடம் சார். மாத்துங்க."

"வெறும் கடல்தானே மேடம்" என்றார் மேலாளர்.

படம் அப்படியே போனது, ஆர்டரும் கிடைத்தது. கேக் வெட்டினார்கள். ஸ்டெல்லா மாமல்லபுரம் போய் நடந்ததை ஏழுமலையிடம் தானே சொல்லிவிட்டு வந்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "மீன் குடுத்து அனுப்பினாரு" என்று சொல்லி அழுதார்.

கடலில் புயல் செய்தி காட்ட ஸ்டெல்லா திட்டமிட்ட மீனவர்களுக்கான பெட்டி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அப்புறம் அதற்கும் அடுத்த வருடத்துக்கு. எல்லாக் கூட்டத்திலும் ஸ்டெல்லா அதைக் கேட்பார். எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வேறு வேலை தேடச் சொன்னேன். "நானும் போயிட்டா அந்தப் பெட்டியைக் கேக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார், கிடைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை. எனக்கு ஆறவே இல்லை.

செய்யூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஏழுமலை, ஸ்டெல்லா கொடுத்திருந்த மாதிரிப் பெட்டியோடு வந்திருந்தார். எல்லோரும் மண் போட்டுக் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"இதுல புயல் சேதி எப்ப சார் வரும்? வரும் வரும்னு அந்தம்மா சொல்லிகினே இருந்துச்சு."

"வராதுண்ணா. அதைக் கேக்கறதுக்கு இனிமே ஆளில்ல."

"நீ கீறயே சார்."

அவர் பெட்டியைக் குழியின் ஈர மண்மேல் வைத்து, சிக்னல் பிடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்து, இடத்தைப் பதியும் பொத்தானை அழுத்தினார். திரையில் இரண்டே புள்ளிகள். ஒன்று அவருடைய பார், மற்றொன்று ஸ்டெல்லாவின் குழி.

"இத்தயாச்சும் யாராண்டயும் குடுக்காத சார்" என்றார்.

கொடுக்க மாட்டேன். போய் வாருங்கள், ஸ்டெல்லா.