ஆறாவது பாட்டில் விழுந்த குரல்

எங்கள் ராக் பேண்டில் மூன்றே பேர். நான் பேஸ் கிட்டார். பிழைப்புக்கு அடையாறில் ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் மயிலாப்பூர்க்காரன். டிரம்ஸ் வாசிப்பவள் எங்கள் கல்லூரித் தோழி. அவள் அப்பா தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஏழு வருடம் அடுத்தவர் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்த நாங்கள், போன வருடம்தான் சொந்தமாக எட்டுப் பாட்டுகள் சேர்த்து ஆல்பம் போடுவதென்று துணிந்தோம்.

வடபழனியில் ஒரு சின்ன ஸ்டுடியோ கிடைத்தது. கிட்டார் நன்றாகப் பதிவானது, குரலும் பரவாயில்லை. டிரம்ஸ்தான் படுத்தியது. அந்தக் குறுகலான அறையில் ஒவ்வொரு அடியும் தகரக் கூரைமேல் கல் விழுந்த மாதிரி கேட்டது. சவுண்ட் இன்ஜினியர் மூன்று நாள் மைக்குகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"சுத்தி துணியா இருக்கணும் சார். நெறைய துணி," என்றார்.

நானும் பாடகனும் ஒரே நேரத்தில் டிரம்மரைப் பார்த்தோம். அவள் அதற்குள் அப்பாவுக்கு போன் போட்டுவிட்டிருந்தாள்.

கடையின் மூன்றாவது மாடி முழுக்கக் குடோன். தரையிலிருந்து கூரைவரை புடவைக் கட்டுகள். உள்ளே நுழைந்ததும் இன்ஜினியர் ஒருமுறை கைதட்டினார். சத்தம் அவர் கையிலேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டிரம்மரின் அப்பா திருநெல்வேலிப் பக்கம். மகளின் டிரம்ஸைப் பற்றி அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் காலை ஆறு மணிக்குச் சாவியோடு அவரே வந்து நின்றார்.

"ஒம்பதரைக்குக் கடை தொறக்கணும். அதுக்குள்ள முடிச்சிக்கிடுங்க. சரக்கு மேல கால் படாம பாத்துக்கிடுங்க."

கோடை விடுமுறை என்பதால் எனக்குப் பள்ளியில்லை. காற்றாடிச் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட மூன்று காலைகளில் ஏழு பாட்டுகளுக்கு டிரம்ஸ் பதிவை முடித்தோம். நான்காம் நாள் மிச்சமிருந்தது ஆறாவது பாட்டு. கூட்டத்தில் யாரையோ தேடுகிற பாட்டு அது. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, நாலு எண்ணிக்கைக்கு வெறும் அமைதி. பிறகு டிரம்ஸ் தனியாக உள்ளே வர வேண்டும்.

ஐந்தாவது முயற்சியில் அவள் வாசித்தது அபாரம். எனக்கு உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன். அமைதி வரவேண்டிய இடம் வந்தது. ஒன்று, இரண்டு. கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"பச்ச பார்டர் எந்த ரேக்குல கீது?"

அடுத்த நொடி டிரம்ஸ் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. யாரும் அசையக் கூடாதென்று இன்ஜினியர் கையைத் தூக்கியபடியே பாட்டை முடிக்கவிட்டார்.

"போச்சு. இத்தனை நல்ல டேக்," என்றான் பாடகன்.

இன்ஜினியர் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேடுகிற பாட்டின் நடுவே நிஜமாகவே ஒருத்தி எதையோ தேடுகிறாள்; அவளுக்குப் பதில் சொல்வதுபோல டிரம்ஸ் இடித்துக்கொண்டு வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்டோம். கீழே ஷட்டரைத் தூக்கும்வரை கேட்டோம்.

குரலுக்குச் சொந்தக்காரர் பட்டுப் பிரிவில் வேலை செய்கிற அக்கா; சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவர். அனுமதி கேட்க அவரிடமே போட்டுக் காட்டினோம். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயே, இன்னா இப்டி கத்திக்கினு கீறேன். தம்பி, இத்த போடாதீங்க. நானே வந்து நல்லா சொல்றேன்."

தன் வார விடுமுறையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். முதலில் செய்தி வாசிப்பவரைப் போல, "பச்சை பார்டர் எந்த ரேக்கில் இருக்கிறது?" என்றார். அப்புறம் கொஞ்சலாக, அப்புறம் கோபமாக. பதினான்கு தடவை சொன்னார். கடைசியில் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். பழையதையும் கேட்டார்.

"பழசே இருக்கட்டும்," என்றார். "அன்னிக்கு நெஜமாவே எனக்கு ரேக்கு தெர்ல. கீழ கஸ்டமர் வேற கட தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுகினு இருந்தாங்க. இப்போதான் எனக்குத் தெரியுமே."

பாடகன் சட்டென்று எழுந்தான். "நானும் தெரிஞ்சவன் மாதிரிதான் பாடிண்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு மைக் முன்னால் போய் நின்றான். அழகாகப் பாடியிருந்த ஆறாவது பாட்டை அழித்துவிட்டு, குரல் உடைய உடைய ஒரே மூச்சில் மறுபடி பாடினான். அக்கா வெளியே போகாமல் சுவரோரம் நின்று கேட்டார். ஆல்பம் தேறிவிடும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

வெளியீடு மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. மேடையில் வாசிப்பதில்லை, எட்டுப் பாட்டுகளையும் பெரிய ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து கேட்பது என்று ஏற்பாடு. காலையிலேயே போன் செயலிகளிலும் பாட்டுகள் வந்துவிட்டன. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து, "பஸ்ஸில் இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார். லேப்டாப்பில் ஒயரைச் செருக எனக்கு மூன்று தடவை ஆனது. டிரம்மர் உள்ளே வரவே இல்லை. வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தவளை மூன்றாவது பாட்டில் இழுத்து வந்தேன்.

ஆறாவது பாட்டு. அமைதி. குரல். கடை ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசை மொத்தமும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவர் நிமிர்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் இறங்கியபோது தரை அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். முதல் வரிசையில் இருந்த டிரம்மரின் அப்பா ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் அவர் எழுந்து மகளிடம் வந்தார்.

"இவ்வளவும் ரெண்டு கையிலயா அடிச்சே?"

"காலும் உண்டுப்பா."

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஹால் எத்தனை மணி வரைக்கும் சார்?"

"பன்னெண்டு வரைக்கும்."

"மணி இன்னும் பதினொண்ணுகூட ஆகல்லியே. மொதல்லேர்ந்து போடுங்க," என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் ஓடிப்போய் முதல் பாட்டைப் போட்டேன்.